சமரசப் பேச்சில் உட்காரும் அதிகாரி கட்சி பார்க்கலாமா?

திருமங்கலத்தான்:
கப்பலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. போனஸ் தகராறு தொழிலாளர் துறை அதிகாரியிடம் சமரசத்துக்குப் போயிருக்கிறது. போன கூட்டத்தில் நிர்வாகத் தரப்பு பேசி முடித்ததும் அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, ஆளுங்கட்சி சங்கமே கையெழுத்துப் போடத் தயார், நீங்கள் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறீர்கள், நாளைக்கு ஒரு காரியம் என்றால் அவர்களிடம்தானே போய் நிற்கணும் என்கிறார். எங்களுடையது கட்சி சாராத சங்கம். அவர் இப்படிப் பேசலாமா? இன்னொன்று, நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்து உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டிக்கும் அவரையே தலைமை தாங்கக் கூப்பிடலாம் என்கிறார் மேனேஜர்.

வைகைக்கரை:
இரண்டாவதற்கு முதலில் பதில்: வேண்டாம். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அமைக்கும் ஒர்க்ஸ் கமிட்டி, 1947 தொழில் தகராறு சட்டத்திலும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் சரி, நிர்வாகமும் தொழிலாளரும் மட்டும் உட்காருவது. நம் ஆள் எண்ணிக்கை அவர்களுடையதைவிடக் குறையக் கூடாது, அவ்வளவுதான். அரசு அதிகாரிக்கு அதில் நாற்காலியே கிடையாது.
சமரசம் வேறு. நீங்களும் நிர்வாகமும் தனியாகப் போடும் ஒப்பந்தம், பழைய சட்டத்தின் 18(1) பிரிவு, கையெழுத்துப் போட்டவர்களைத்தான் கட்டுப்படுத்தும். அதிகாரி முன்னால் போடும் 12(3) (சட்டம் மாறியும் நம் வாயில் அதே நம்பர்தான்) கையெழுத்துப் போடாதவனையும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவனையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். அதனால்தான் நடுவில் இருப்பவர் ஒரு பக்கம் சாய்ந்தால் ஆபத்து.

பழைய கண்டக்டர்:
தம்பி, நடுநிலை எல்லாம் தாளில்தான். நான் இருந்த அரசு பஸ்ஸில் முதலாளியே அரசாங்கம், சமரசம் பண்ண வருபவரும் அரசாங்கச் சம்பளக்காரர். ஆட்சி மாறினால் பாதிப் பேருக்குச் சங்கச் சந்தா ரசீதும் மாறிவிடும். அவரும் மனுஷன்தானே, டிரான்ஸ்பருக்குப் பயப்படமாட்டாரா?

வைகைக்கரை:
அண்ணே, நீங்கள் சொல்வதை உச்ச நீதிமன்றமே பாதி ஒத்துக்கொண்டிருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக் குழுவில் 'சுயேச்சை' (எந்தத் தரப்பும் சாராத) உறுப்பினராக அரசு ஊழியரைப் போடலாமா என்று ஆந்திர பீடி ஆலை வழக்கு ஒன்று வந்தது. போடலாம், ஆனால் அந்தத் தொழிலில் அரசுக்கே நேரடி அக்கறை இருந்தால் அவரைச் சுயேச்சை என்று சொல்ல முடியாமல் போகலாம், அந்தந்த வழக்கைப் பொறுத்துப் பார்க்கணும் என்று 1973-இல் தீர்ப்பு. உங்கள் பஸ் அந்த ரகம். தனியார் நூற்பாலையில் அந்தச் சாக்கு செல்லாது. அதே 1973-இல் வந்த தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளும் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன.

திருமங்கலத்தான்:
சரி, இப்போது என்ன செய்வது? மேலே புகார் கொடுத்தால் ஆளையே பகைத்துக்கொண்ட மாதிரி ஆகாதா?

பழைய கண்டக்டர்:
உடனே புகார் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் 'எந்தச் சங்கம் கையெழுத்துப் போடுகிறது என்பது எங்கள் கோரிக்கைக்குச் சம்பந்தமில்லை, கணக்கைப் பேசலாம்' என்று எழுத்தில் கொடு, நகலில் முத்திரை வாங்கு, அதையும் கோப்பில் சேர்க்கச் சொல். அதுக்கப்புறமும் கட்சிப் பேச்சு எடுத்தால் அந்த நகலோடு மேலதிகாரியிடம் போ. தனியாகப் போகாதே, சங்கக் கமிட்டி ஆள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ.