புதுப்பிப்பு: சார்ல்ஸ்டனில் அம்மாவுடன் சுற்றிய இடங்கள்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்குக் குடிவந்த புதிதில், வயதான தாயாரை எங்கெல்லாம் அழைத்துச் செல்லலாம் என்று மூன்று வாரங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பலர் ரெயின்போ ரோ என்ற வண்ண வீடுகளின் வரிசையையும் பேட்டரி என்ற கடற்சுவரையும் பரிந்துரைத்தீர்கள். இரண்டையும் பார்த்துவிட்டோம். ஆனால் அந்த 13 வண்ண வீடுகளைவிட, பழைய செங்கல் சுவர்களில் ஆங்காங்கே தெரியும் இரும்புத் தகடுகளே அம்மாவை அதிக நேரம் நிற்க வைத்தன. 1886 ஆகஸ்ட் 31 நிலநடுக்கத்துக்குப் பின், விலகிய சுவர்களை இழுத்துப் பிடிக்க வீட்டின் குறுக்கே செலுத்திய கம்பிகளின் முனைகள் அவை.

எதிர்பாராத மகிழ்ச்சி சந்தையில் கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த கல்லா (Gullah) என்ற சமூகத்துப் பெண்கள், ஸ்வீட்கிராஸ் புல்லைச் சுருளாகச் சுற்றிக் குருத்தோலையால் தைத்துக் கூடை முடைகிறார்கள். முற்காலத்தில் இதே முறையில் செய்த அகன்ற தட்டுகளால்தான் இங்கு நெல் புடைத்தார்கள் என்று அறிந்ததும், "அப்படியென்றால் நம் முறம்தானே!" என்றார் அம்மா. விலை அதிகம்தான், உழைப்பைப் பார்த்தபின் பேரம் பேச மனம் வரவில்லை.

ஒரு தவறும் செய்தேன். மழையே இல்லாத நாளில் காரைத் தாழ்ந்த தெருவொன்றில் நிறுத்தினேன். திரும்பியபோது கடல்நீர் சக்கரத்தின் பாதிவரை நின்றது. துறைமுகத்தில் ஓதம் (கடல்நீர் ஏற்றம்) 7 அடியை எட்டினாலே அத்தகைய தெருக்களில் நீர் ஏறத் தொடங்குமாம். இப்போது ஓத அட்டவணையைப் பார்க்காமல் கிளம்புவதில்லை. சம்டர் கோட்டைப் படகுப் பயணம் மட்டும் அடுத்த சனிக்கிழமைக்கு இருக்கிறது.