ரெயில்ஸ்ல ரெண்டு ஸ்கோப்ப 'ஆர்' போட்டு சேத்தா சேரன்மாதேவி ஆளும் லிஸ்ட்ல வாராவ

பிசானம்_பையன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அம்பைல (அம்பாசமுத்திரம்) ஒருத்தருக்கு அறுப்பு மெஷின் புக்கிங் ஆப் ஒண்ணு ரெயில்ஸ் 7ல (ரூபி மொழில வெப் ஆப் எழுதுத கட்டமைப்பு) எழுதிக் குடுத்துருக்கேன், பிசானம் (நெல் போகம்) அறுப்பு தொடங்கிட்டு, காலையில இருந்து போன் மேல போன். புக்கிங் மாடல்ல (புக்கிங் டேபிளுக்கான க்ளாஸ்) ரெண்டு ஸ்கோப், அதாவது பேரு வச்ச வடிகட்டி, இருக்கு. 'பாக்கி'ன்னா பணம் இன்னும் வரல, 'தேதி_தாண்டினது'ன்னா சொன்ன நாள் போயும் மெஷின் வயல்ல எறங்கல. தாலுகா விவசாயி மாடல்ல கெடக்கு, அங்க 'அம்பை'ன்னு ஒரு ஸ்கோப், அத ஜாயின்ஸ் போட்டு (ரெண்டு டேபிளையும் இணைச்சு) மெர்ஜ் பண்ணி (அந்தக் கண்டிஷன இங்க கொண்டாந்து) புக்கிங்ல 'அம்பை_வயல்'னு வச்சிருக்கேன்.

மொதலாளிக்கு அம்பை தாலுகாவுல பாக்கி வச்சவுகளும் தேதி தாண்டினவுகளும் ஒரே லிஸ்ட்ல வேணுமாம். ரெண்டையும் 'ஆர்' (ரெண்டுல எது பொருந்துனாலும் போதும்) வச்சு நான் போட்டது:

புக்கிங்.அம்பை_வயல்.பாக்கி.ஆர்(புக்கிங்.தேதி_தாண்டினது)

ரெண்டும் ஸ்ட்ரக்சரலி கம்பாட்டிபிளா இல்ல (அமைப்பு ஒத்துப்போகல), ஜாயின்ஸப் பாருன்னு எரர். சரின்னு வலது பக்கமும் ஒரு ஜாயின்ஸ் போட்டேன், எரர் போச்சு, ஆனா வேற தாலுகாவான சேரன்மாதேவிக்காரருக்கெல்லாம் மெசேஜ் போயி ஒருத்தர் போன்ல கிழிச்சிட்டாரு. எங்க தப்பு பண்ணுதேன்?

ஜங்ஷன்_டெவ்:
தம்பி, மொதல்ல அந்த க்வெரி கடைசில டு_எஸ்க்யூஎல் போட்டு, டேட்டாபேஸுக்குப் போற எஸ்க்யூஎல்ல கன்சோல்ல பாரும். இப்பிடித்தான் இருக்கும் ('வேர்'னா வடிகட்டுத கண்டிஷன், 'அண்ட்'னா ரெண்டும் பொருந்தணும்):

வேர் ((தாலுகா = அம்பை அண்ட் பாக்கி) ஆர் தேதி தாண்டினது)

பிராக்கெட்டுதான் வரப்பு. வரப்ப எங்க வெட்டுனீரோ அங்கனதான தண்ணி நிக்கும். 'ஆர்'க்கு இடது பக்கம் இருக்கது முழுசையும் ஒரு வயலா எடுத்துக்கிடும், அம்பைங்கிற கண்டிஷன் வலது பக்கத்துக்குப் போகவே போகாது. ஜாயின்ஸ் போட்டு எரர அடக்கிட்டீரு, அது உமக்கு நல்லதுக்குத்தான் கத்திருக்கு.

ஆர மொதல்ல முடிச்சிட்டு அம்பைய கடைசில கோரும்:

புக்கிங்.பாக்கி.ஆர்(புக்கிங்.தேதி_தாண்டினது).அம்பை_வயல்

ஆர் போடுத எடத்துல ரெண்டு பக்கமும் ஜாயின்ஸ் இல்ல, அதனால எரரும் வராது. அடிக்கடி வேணும்னா மொத ரெண்டையும் சேத்து 'தொரத்தணும்'னு தனி ஸ்கோப்பா வச்சிரும். இந்த ஆர் மெத்தடே 2016ல ரெயில்ஸ் 5லதான் வந்துச்சு, அதுக்கு முன்னால நாங்க வேர்க்குள்ள ஸ்டிரிங்கா எழுதி, ரெண்டு டேபிள்லயும் ஒரே பேர்ல ஃபீல்டு இருந்தா ஆம்பிகுவஸ்னு (எந்த டேபிள்னு தெரியலன்னு) எரர் வாங்கிக் கட்டிக்கிட்டோம்.

பேட்டை_பொண்ணு:
அண்ணாச்சி சொன்னது சரி. அம்பை_வயல்.மெர்ஜ்(புக்கிங்.பாக்கி.ஆர்(புக்கிங்.தேதி_தாண்டினது))னு போட்டாலும் இங்க அதே லிஸ்ட்தான் வரும். ஆனா மெர்ஜ அண்ட்னு நெனச்சு எல்லா எடத்துலயும் போட்ராதீங்க. ஒரே ஃபீல்டுல ரெண்டு கண்டிஷன் மோதிச்சுன்னா ரெயில்ஸ் 7ல பின்னால வந்தது மட்டும் நிக்கும், முன்னால உள்ளது சத்தமில்லாம காணாமப் போயிரும். நிலை = அட்வான்ஸ், அதுமேல நிலை = பாக்கின்னு மெர்ஜ் பண்ணுனா பாக்கி மட்டும் வரும். அதையே மெர்ஜ் இல்லாம வரிசையா கோத்தா ரெண்டும் அண்ட் ஆகி ஒரு ஆளும் வரமாட்டாரு. ரெண்டுல எதாவதுன்னா வேர்க்குள்ள அர்ரேயா (பட்டியலா) குடுங்க, ஆரே வேண்டாம். ரெயில்ஸ் 6.1ல இருந்து அண்ட்னே ஒரு மெத்தட் இருக்கு, ஆனா அதுவும் ஜாயின்ஸ் பொருந்தலன்னா அதே எரர்தான் அடிக்கும்.

பிசானம்_பையன்:
ஆர மொதல்ல போட்டேன், சேரன்மாதேவி போயிட்டு அண்ணாச்சி, லிஸ்ட் சுத்தமா வருது. இன்னொண்ணு, தேதி பில்டர் ஸ்கோப்ல இஃப் போட்டிருக்கேன், தேதி குடுக்கலன்னா எல்லாமே வருது, இது பக்கா?

ஜங்ஷன்_டெவ்:
அது அப்பிடித்தான், ஸ்கோப் 'நில்' (ஒண்ணுமில்லங்கிற மதிப்பு) குடுத்தா வடிகட்டாம முழுசா விட்ரும். அதையே க்ளாஸ் மெத்தடா எழுதிருந்தா நில் அப்பிடியே வெளிய வந்து அடுத்த மெத்தட்ல முட்டும். மெசேஜ் அனுப்புத எடத்துல மட்டும் தேதி இல்லன்னா 'நன்' (ஒரு ஆளும் வராத காலி லிஸ்ட்) போட்டு நிறுத்திரும், இல்லன்னா தாலுகா முழுக்க ஒம்ம மொதலாளிய ஏசும்.