பூட்டுப் படம் இருந்தும் கோட்டைவிட்ட அனுபவங்கள்: மூவர் எழுதியவை

சின்னாளப்பட்டியில் என் சித்தி சுங்குடிச் சேலை விற்கிறார். இணையதளம் நான் செய்து கொடுத்தது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது காலை ஆறு மணிக்குப் போன். "தம்பி, நேத்து ராத்திரியிலேர்ந்து நம்ம கடையைத் திறந்தா சிவப்பா எச்சரிக்கை வருது. தகவலைத் திருடலாம்னு போட்டிருக்கு."

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி. வழியில் போகிற தகவலை மறையாக்கம் செய்ய, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்ற, உதவுவது இது; பிரவுசர்கள் முகவரி அருகே காட்டிவந்த பூட்டுப் படம் இதற்கான அடையாளம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தந்த அந்தச் சான்றிதழுக்கு 90 நாள்தான் ஆயுள் என்பதால், தானாகப் புதுப்பிக்க செர்ட்பாட் என்ற மென்பொருளைப் போட்டு வைத்திருந்தேன். சர்வரில் பார்த்தால், புதுச் சான்றிதழ் ஒரு மாதம் முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது! தளத்தைக் காட்டும் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் ரீலோடு ஆகாததால், அதாவது புதியதை ஏற்றிக்கொள்ளாததால், வருகிறவர்களுக்குப் பழையதையே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரே கட்டளையில் சரியாகிவிட்டது. இனி தானாகவே ரீலோடு ஆக, புதுச் சான்றிதழ் வந்ததும் ஓடும் கட்டளையான டிப்ளாய் ஹூக்கும் சேர்த்தேன்.

என்னை உறுத்தியது வேறு. இரவே சித்தி வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில், "அட்வான்ஸ்டு அழுத்தி உள்ள போங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் நாளைக்கு உண்மையிலேயே ஒருவன் நடுவில் புகுந்தாலும் இதே மாதிரி எச்சரிக்கைதான் வரும். அதைத் தாண்டிப் போக நாங்களே பழக்கிவிட்டோம். அப்படி வந்தால் உள்ளே போகாமல் எங்களைக் கூப்பிடுங்கள் என்று அன்றே மறுபடி செய்தி அனுப்ப வைத்தேன்.

அப்புறம் சர்வரைத் துழாவியபோதுதான் நெஞ்சு பதறியது. முன்பு எடுத்த டேட்டாபேஸ் நகல் ஒன்று, இணையத்தில் யாரும் திறக்கக்கூடிய பொது ஃபோல்டரிலேயே கிடந்தது. வாடிக்கையாளர்களின் பெயர், போன் எண், வீட்டு முகவரி எல்லாம் அதில். கார்டு எண் மட்டும் இல்லை; 2022 அக்டோபரிலிருந்து கடைகள் அதைச் சேமிக்க ரிசர்வ் வங்கி விடுவதில்லை. யாராவது அந்தக் கோப்பின் முகவரியைத் தட்டியிருந்தால், அதுவும் ஒழுங்காக மறையாக்கம் ஆகித்தான் இறங்கியிருக்கும். சான்றிதழ் காப்பது வழியில் போகிற தகவலை. சர்வரில் கதவைத் திறந்து வைத்தது நான். யார் எதைத் திறந்தார்கள் என்று சர்வர் குறித்து வைத்த பழைய பதிவுகளில், யாரும் அதை எடுத்த தடம் இல்லை. அன்றே அழித்தேன்.

* * *

சித்தி கதையைப் படித்ததும் அம்மா நினைவுதான் வந்தது. "பூட்டு இருக்கான்னு பாரும்மா" என்று சொல்லிக் கொடுத்தவள் நான். 2022இல், மின்கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று எஸ்எம்எஸ். லிங்கைத் திறந்தார், பூட்டு இருந்தது, கார்டு எண்ணும் ஓடிபியும் போட்டுவிட்டார். டொமைன், அதாவது ஓர் இணையப் பெயர், கையில் இருந்தால் போலித் தளத்துக்கும் சில நிமிடத்தில் சான்றிதழ் கிடைத்துவிடும். பூட்டைப் பார்த்து மக்கள் தளத்தையே நம்புகிறார்கள் என்றுதான் கூகுள் குரோம் 2023 செப்டம்பரில் அந்தப் படத்தை எடுத்தது. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட்டதால் பாதிப் பணம் தப்பியது. இப்போது அம்மாவிடம் சொல்வது இவ்வளவுதான்: லிங்கைத் தொடாதீங்க, மின்வாரிய ஆப்பைத் திறந்து பாருங்க.

* * *

ரத்தப் பரிசோதனை முடிவு எனக்கு லிங்காக வந்தது. எச்டிடிபிஎஸ்தான், அதாவது மறையாக்கம் உள்ள தளம்தான். முகவரியின் கடைசியில் ஒரு எண். கையால் தட்டும்போது ஓர் இலக்கம் மாறிவிட, முன்பின் தெரியாத ஒருவரின் முடிவு பெயர், வயதோடு திறந்தது. மூடிவிட்டு நேரில் போய்ச் சொன்னேன். "எங்க சைட்ல எஸ்எஸ்எல் இருக்கு சார்" என்று அதே பூட்டுச் சான்றிதழைச் சொன்னார் கவுண்டரில் இருந்தவர். மேலாளரைப் பார்க்க இன்னும் இரண்டு முறை போனேன். மூன்றாவது வாரம் அதே லிங்க் ஓடிபி கேட்டது.