உதவி தேவை: காலேஜ் ஹாக்கி கணிப்பு மாடல், பழைய சீசனுக்கு அப்படியே பொருந்துது, அடுத்த சீசனுக்கு நம்பவே முடியல

கலமசூ_கார்த்தி | ஆகஸ்ட் 3, 2025

வணக்கம் மக்களே. மிச்சிகன்ல கலமசூல இருக்கேன், ரூம்மேட் ஒருத்தன் லாசன் அரீனாவுக்கு மேட்ச் பாக்க கூட்டிட்டுப் போனதுல ஆரம்பிச்சது, இப்ப ரெண்டு வருஷமா ஐஸ் ஹாக்கிதான் எனக்கு எல்லாமே. இந்த ஏப்ரல்ல செயின்ட் லூயிஸ்ல வெஸ்டர்ன் மிச்சிகன் 6-2ன்னு பாஸ்டன் யுனிவர்சிட்டிய அடிச்சு முதல் தடவையா நேஷனல் சாம்பியன் ஆனாங்கல்ல, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

சரி விஷயத்துக்கு வரேன். 2025-26ல எந்த டீம் எப்படி ஆடும்னு கணிக்க பைத்தான்ல ஒரு மாடல் பண்ணியிருக்கேன். டிவிஷன் ஒன் ஆண்கள் டீம் எல்லாத்துக்கும் ஏழு சீசன் டேட்டா. போன வருஷ வெற்றி சதவீதம், ஒரு மேட்ச்சுக்கு கோல் வித்தியாசம், போன வருஷ பாயிண்ட்ல (கோலும், கோலுக்குக் குடுத்த பாஸும்) எத்தனை பங்கு எடுத்த ப்ளேயர்ஸ் திரும்பி வர்றாங்க, கோலியோட (கோல்கீப்பர்) சேவ் சதவீதம், அதாவது வந்த ஷாட்ல எத்தனைய தடுத்தாருன்னு, சராசரி வயசு, என்ஹெச்எல்ங்கற ப்ரோ லீக் டீம்கள் டிராஃப்ட்ல தேர்ந்தெடுத்தவங்க எத்தனை பேர், இதெல்லாம் உள்ள போகுது. ரேண்டம் ஃபாரஸ்ட் (நிறைய முடிவு மரங்களோட சராசரிய எடுக்கற முறை), எல்லா சீசனையும் கலைச்சுப் போட்டு 80 சதவீதத்துல படிக்க வச்சு 20 சதவீதத்துல டெஸ்ட் பண்ணேன். பழைய சீசனுக்கு ஒரு டீமோட வெற்றி எண்ணிக்கைல சராசரியா ஒன்றரை மேட்ச்தான் தப்பு வருது, அவ்ளோ நல்லா இருக்கு.

ஆனா அடுத்த சீசனுக்கு ஓட்டினா மூணு பிரச்சனை. ஒண்ணு, போன வருஷ வரிசையே கொஞ்சம் கலைஞ்சு திரும்ப வருது. ரெண்டு, அட்லாண்டிக் ஹாக்கி அமெரிக்காங்கற பலம் கம்மியான கான்ஃபரன்ஸோட (தங்களுக்குள்ள அதிகமா ஆடற டீம்களோட குழு) டீம் ரெண்டு மூணு, பலமான ஹாக்கி ஈஸ்ட் கான்ஃபரன்ஸ்ல நல்லா ஆடற டீமுக்கெல்லாம் மேல போய் உக்காந்துக்குது. மூணு, பென் ஸ்டேட். அங்க வர்ற கனடா ஜூனியர் லீக் ஸ்டார் கேவின் மெக்கென்னாவோட ஜூனியர் பாயிண்ட்ட சேர்த்தா டீம் எல்லாரையும் தாண்டி முதல் இடத்துக்குப் பறக்குது, சேர்க்கலன்னா நடுவுல எங்கயோ கெடக்குது. மூணு வாரமா இதையே பாத்துட்டு இருக்கேன், எங்க தப்புன்னு யாராவது சொல்லுங்களேன்.

ப்ளூலைன்_பிரியா | ஆகஸ்ட் 3

கார்த்தி, ரெண்டாவது பிரச்சனைக்கு மட்டும் இப்ப சொல்றேன், மத்தது ராத்திரி வந்து பாக்கறேன்.

வெற்றி சதவீதத்த அப்படியே எடுத்துக்கிட்டா இப்படித்தான் ஆகும். ஒரு டீம் ஆடற 34 மேட்ச்ல 24, 26 மேட்ச் அவங்க கான்ஃபரன்ஸுக்குள்ளயே முடிஞ்சிடும். வெளி கான்ஃபரன்ஸோட மோதறது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்த வச்சுதான் எந்தக் கான்ஃபரன்ஸ் பலமானதுன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு கிராச் ரேட்டிங் போடு. 1952ல வந்த பிராட்லி-டெர்ரி முறைதான் அது, ஒவ்வொரு டீமுக்கும் ஒரு எண், 300 உள்ள டீமும் 100 உள்ள டீமும் மோதினா 300ஐ 400ஆல வகுக்கணும், நாலுல மூணு தடவ பெரிய டீம் ஜெயிக்கும்னு அர்த்தம். யார்கிட்ட ஜெயிச்சோம்ங்கறது தானா உள்ள வந்துடும். இருபது வரி கோடு கூட ஆகாது. ஒரே ஒரு ஜாக்கிரதை, ஒவ்வொரு டீமும் 100 ரேட்டிங் உள்ள கற்பனை டீமோட ஒண்ணு ரெண்டு மேட்ச் டிரா பண்ண மாதிரி சேர்த்துக்கோ, இல்லன்னா சீசன் ஆரம்பத்துல தோக்காத டீமோட எண் எல்லையே இல்லாம போயிடும்.

ஓவர்டைம் ரிசல்ட்ட முழு வெற்றியா எண்ணாத. ரெகுலர் சீசன்ல அது அஞ்சு நிமிஷம் மூணுக்கு மூணு ஆடறது, முழு மேட்ச்சோட அதுக்கு சம்பந்தம் கம்மி. எம்ப்டி நெட் கோலையும் (கோலிய வெளிய எடுத்தப்ப காலி வலைல விழறது) கோல் வித்தியாசத்துலேருந்து எடுத்துடு. அப்புறம் 2020-21 சீசன தூக்கிப் போட்டுடு, கொரோனா வருஷம், ஐவி லீக் காலேஜ் ஒண்ணு கூட ஆடல, ஈசிஏசி கான்ஃபரன்ஸ்ல நாலே டீம்தான் ஆடினாங்க, கான்ஃபரன்ஸ விட்டு கான்ஃபரன்ஸ் மேட்ச் கிட்டத்தட்ட கெடையாது, எந்த ரேட்டிங்கும் அங்க நிக்காது.

கோல்போஸ்ட்_குமரன் | ஆகஸ்ட் 3

கோலி பத்தி ஒண்ணு சொல்லணும் ப்ரோ. சேவ் சதவீதத்த மாடல் எவ்ளோ நம்புதுன்னு பாரு. ஒரு கோலி சீசனுக்கு 1000 ஷாட் பாக்கறாருன்னு வை, அவரோட உண்மையான திறமை .910, அதாவது 1000ல 910 தடுப்பாரு. திறமை கொஞ்சமும் மாறாமலே வெறும் அதிர்ஷ்டத்துல அவர் எண் .901க்கும் .919க்கும் நடுவுல எங்க வேணா நிக்கும், மூணுல ஒரு வருஷம் அதையும் தாண்டும். .901 வந்தா இந்த ஆள் தேறமாட்டான்னு சொல்வோம், .919 வந்தா அவார்ட் குடுன்னு சொல்வோம், ரெண்டும் ஒரே ஆள். அதனால போன வருஷ எண்ண அப்படியே போடாம பாதிக்கு மேல லீக் சராசரி பக்கம் இழுத்துடு. ரெண்டு மூணு வருஷம் ஆடின கோலின்னா கம்மியா இழு.

உன்னோட முதல் பிரச்சனைக்கும் பாதி காரணம் இதுதான்னு நினைக்கறேன்.

கலமசூ_கார்த்தி | ஆகஸ்ட் 5

பிரியா அக்கா, குமரன் ப்ரோ, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கிராச் போட்டேன், அட்லாண்டிக் டீம் எல்லாம் அதது இடத்துக்கு எறங்கிடுச்சு. 2020-21 எடுத்துட்டேன். கோலி எண்ண சராசரி பக்கம் இழுத்தேன். பழைய சீசன் தப்பு இன்னும் ஒன்றரை மேட்ச்லயே நிக்குது, சந்தோஷம்தான். ஆனா அடுத்த வருஷக் கணிப்பு இன்னும் மந்தமாவே இருக்கு, எல்லா டீமும் 17 வெற்றிக்குப் பக்கத்துல வந்து ஒட்டிக்குது. பழசுல அவ்ளோ துல்லியமா இருக்கறது புதுசுல ஏன் இப்படி ஆகுது?

டுலூத்_தாமு | ஆகஸ்ட் 5

தம்பி, நான் மினசோட்டால 20 வருஷத்துக்கு மேல இருக்கேன், ஹாக்கி பாக்கறதும் அவ்ளோ வருஷம்தான். உன்னோட ஒன்றரை மேட்ச்தான் எனக்கு உறுத்துது. அத சந்தோஷம்னு எடுத்துக்காத.

காரணம் சொல்றேன். எல்லா மேட்ச்லயும் சரிபாதி வாய்ப்பு உள்ள டீம் ஒண்ண எடுத்துக்கோ, அத பத்தி உனக்கு எல்லாமே தெரியும்னு வை. 34 தடவ காசு சுண்டற மாதிரிதான் அதோட சீசன். 17 வெற்றின்னு நீ சரியாத்தான் சொல்வ, ஆனா வர்ற எண் சுமார் மூணு மேட்ச் இப்படி அப்படி விலகும், சராசரித் தப்பு ரெண்டு மேட்ச்சுக்கு மேல வரும். பலமான டீமுக்கு கொஞ்சம் கொறையும், அவ்ளோதான். அதாவது கடவுளே வந்து கணிச்சாலும் ரெண்டு மேட்ச்சுக்கு ரொம்பக் கீழ போக முடியாது. உன் மாடல் ஒன்றரைங்குது. அப்படின்னா பரிட்சைக்கு முன்னாடியே விடைத்தாள் எங்கயோ கசிஞ்சிருக்கு.

ரெண்டு கேள்வி. உன் ரோஸ்டர் (டீம்ல யார் யார்ங்கற பட்டியல்) ஃபைல் சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி எடுத்ததா, முடிஞ்ச அப்புறம் ஸ்டாட்ஸ் பக்கத்துலேருந்து எடுத்ததா? முதல் வருஷ கோலிக்கு முந்தின சீசன் எண்ணே இருக்காதே, அந்தக் கட்டத்த எப்படி நிரப்பின? 2024-25 வெஸ்டர்ன் மிச்சிகன் வரியத் திறந்து பாரு. அதுல கோலி கட்டத்துல என்ன எண் இருக்கு?

கலமசூ_கார்த்தி | ஆகஸ்ட் 5

அண்ணா இப்பதான் திறந்து பாத்தேன். ஹாம்ப்டன் ஸ்லுகின்ஸ்கி பேருக்கு நேரா ஒரு எண் இருக்கு, அது அவரோட 2024-25 எண்ணேதான். அவர் அந்த வருஷம்தான் ஃப்ரெஷ்மேன் (முதல் வருஷ மாணவர்), 2024 அக்டோபர்ல சீசன் தொடங்கறப்ப காலேஜ்ல ஒரு மேட்ச் கூட ஆடியிருக்கல. முந்தின வருஷ எண் இல்லன்னா இருக்கற எண்ண எடுத்துக்கோன்னு ஒரு வரி எழுதி வச்சிருந்திருக்கேன், அது அதே சீசன் எண்ண எடுத்துப் போட்டிருக்கு. சாம்பியன் ஆன கோலியோட எண்ண முன்கூட்டியே குடுத்துட்டு டீம் நல்லா ஆடும்னு கணிச்சிருக்கேன்.

ரோஸ்டரும் சீசன் முடிஞ்சு எடுத்ததுதான். பாஸ்டன் யுனிவர்சிட்டி வரில கோலி மிக்கேல் யெகோரோவ் இருக்காரு, அவர் வந்ததே 2025 ஜனவரில.

டுலூத்_தாமு | ஆகஸ்ட் 6

அதேதான். யெகோரோவ் மாதிரி நடுவுல வந்து சேர்றவங்க உள்ள இருப்பாங்க, அக்டோபர்லயே அடிபட்டு வெளிய உக்காந்தவங்க, டிசம்பர்ல விலகிப் போனவங்க இருக்க மாட்டாங்க. முக்கிய கோலி யாருன்னு நீ நிமிஷக் கணக்க வச்சு முடிவு பண்ணியிருப்ப, அதுவும் சீசன் முடிஞ்சாதான் தெரியும். செப்டம்பர் கடைசில உனக்கு என்ன தெரிஞ்சிருக்குமோ அது மட்டும்தான் அந்த வரில இருக்கணும். ஃப்ரெஷ்மேன் கோலின்னா பழைய ஃப்ரெஷ்மேன் கோலிகளோட சராசரிய போடு.

கலைச்சுப் போட்டு டெஸ்ட் பண்றதையும் விட்டுடு. 2022, 2024 சீசன் ட்ரெய்னிங்ல இருந்துட்டு 2023 டெஸ்ட்டுக்கு வந்தா, பின்னாடி நடந்தத வச்சு முன்னாடி நடந்தத சொல்ற மாதிரி. வருஷ வரிசைல போ, 2022-23 வரைக்கும் படிச்சுட்டு 2023-24ஐ கணி, அப்புறம் அதையும் சேர்த்துப் படிச்சு 2024-25ஐ கணி.

கலமசூ_கார்த்தி | ஆகஸ்ட் 9

எல்லாத்தையும் மாத்தி எழுதிட்டேன், நாலு நாள் ஆச்சு. தப்பு இப்ப நாலு மேட்ச்சுக்குக் கிட்ட வந்துடுச்சு. மனசு விட்டுப் போச்சு அக்கா அண்ணா. இதுக்கு இவ்ளோ வேலை செஞ்சிருக்க வேண்டாமோன்னு தோணுது.

ப்ளூலைன்_பிரியா | ஆகஸ்ட் 9

இல்ல கார்த்தி, இதான் உன் முதல் நெஜமான ரிசல்ட். ரெண்டுக்குக் கீழ யாரும் போக முடியாதுன்னு தாமு அண்ணா சொன்னாருல்ல, நீ நாலுல இருக்க, சண்டை நடக்கறது அந்த நடு இடத்துலதான். ஒண்ணு பண்ணு, போன வருஷ ரேட்டிங்க எடுத்து சராசரி பக்கம் பாதி இழுத்து விடு, அதான் சோம்பேறிக் கணிப்பு, வேற எதுவும் சேர்க்காத. உன் மாடல் அத ஜெயிக்குதான்னு மட்டும் பாரு. அரை மேட்ச் ஜெயிச்சாலும் உன் ரோஸ்டர் கணக்கு ஏதோ உருப்படியா சொல்லுதுன்னு அர்த்தம்.

வெற்றி எண்ணிக்கைக்குப் பதிலா சதவீதத்துல வேலை செய், ஐவி டீமுக்கு 29 மேட்ச்தான்.

கோல்போஸ்ட்_குமரன் | ஆகஸ்ட் 9

மெக்கென்னா விஷயத்த யாரும் தொடல போல, எனக்கும் அதுதான் தெரிஞ்சுக்கணும், தாமு அண்ணா சொல்லுங்க.

டுலூத்_தாமு | ஆகஸ்ட் 10

சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

இந்த மாசம் 1ஆம் தேதிலேருந்து கனடா மேஜர் ஜூனியர் லீக்ல ஆடினவங்களும் காலேஜ்ல ஆடலாம். இத்தனை வருஷமா அவங்களுக்கு இந்தக் கதவு மூடியே இருந்தது, 2024 நவம்பர்லதான் காலேஜ் விளையாட்ட நடத்தற என்சிஏஏ ஓட்டுப் போட்டுத் திறந்துச்சு. அதனால மெக்கென்னா பென் ஸ்டேட் வர்றாரு, போர்ட்டர் மார்ட்டோன் மிச்சிகன் ஸ்டேட் வர்றாரு, இன்னும் எத்தனையோ பேர். உன் ஏழு வருஷ டேட்டால இந்த மாதிரி ஆள் ஒருத்தர் கூட இல்ல. மாடல் பாக்காதத அதுகிட்ட கேட்டா அது உளறத்தான் செய்யும், அது உன் தப்பு இல்ல.

மெக்கென்னா மெடிசின் ஹாட்ங்கற ஜூனியர் டீம்ல 56 மேட்ச்ல 129 பாயிண்ட். இத அப்படியே திரும்பி வர்ற பாயிண்ட் கட்டத்துல கொட்டினதுதான் தப்பு. ஒரு கோலுக்கு அடிச்சவர், பாஸ் குடுத்தவங்கன்னு மூணு பேர் வரைக்கும் பாயிண்ட் வாங்கறாங்க, அதனால ஒருத்தரோட பாயிண்ட்டும் டீமுக்கு அவர் கூட்டித் தர்ற கோலும் ஒண்ணு இல்ல. அவர் இடத்துல வேற ஒருத்தர் ஆடியிருந்தா அவரும் ஏதோ அடிச்சிருப்பாருல்ல, அதையும் கழிக்கணும்.

மேக்லின் செலிப்ரீனி யுஎஸ்ஹெச்எல்ங்கற அமெரிக்க ஜூனியர் லீக்ல 50 மேட்ச்ல 86 பாயிண்ட் எடுத்துட்டு வந்தாரு, பாஸ்டன் யுனிவர்சிட்டில 38 மேட்ச்ல 64. ஆடம் ஃபான்டில்லி 54ல 74 எடுத்துட்டு வந்து மிச்சிகன்ல 36 மேட்ச்ல 65, காலேஜ்ல வேகம் கூடியே போச்சு. இத மட்டும் பாத்தா மெக்கென்னாவும் அப்படியேன்னு தோணும், ஆனா நாம பேரு ஞாபகம் வச்சிருக்கறது ஜெயிச்சவங்களத்தான், அதையும் மனசுல வச்சுக்கோ. நான்னா மெக்கென்னா காலேஜ்ல எடுக்கப்போற பாயிண்ட்ட 35, 50, 65னு மூணு விதமா போட்டு ஓட்டுவேன். சுமாரா ஆறு கோல் வித்தியாசம் ஒரு வெற்றின்னு ஹாக்கில ஒரு கணக்கு உண்டு. அவர் டீமுக்கு 18 கோல் கூட்டித் தர்றாருன்னே வை, அது மூணு வெற்றி. பெரிய விஷயம்தான், ஆனா அது மட்டுமே டீம முதல் இடத்துக்குத் தூக்காது.

இப்ப குமரன் சொன்னதோட சேர்த்துப் பாரு. ஆயிரம் ஷாட்ல .009 வித்தியாசம்னா ஒன்பது கோல், ஒன்றரை வெற்றி. போன வருஷம் பென் ஸ்டேட்ட ஃப்ரோசன் ஃபோர் (டோர்னமெண்ட்டோட கடைசி நாலு டீம்) வரைக்கும் கொண்டு போன கோலி ஆர்செனி செர்கேயேவ் என்ஹெச்எல் டீம் கால்கரியோட கையெழுத்துப் போட்டுப் போயிட்டாரு. அந்த டீம் டிசம்பர் வரைக்கும் பிக் டென் கான்ஃபரன்ஸ்ல தோல்விமேல தோல்வியா இருந்தது, அப்புறம்தான் எழுந்துச்சு. எல்லாரும் மெக்கென்னாவப் பாக்கறாங்க, நான் புது கோலியத்தான் பாப்பேன்.

இன்னொண்ணு. 2023, 2024, 2025ல ஹோபி பேக்கர் அவார்ட் (காலேஜ் ஹாக்கில சிறந்த ஆட்டக்காரருக்குத் தர்றது) வாங்கினவங்க ஃபான்டில்லி, செலிப்ரீனி, ஐசக் ஹாவர்ட். மூணு பேர் டீமும் சாம்பியன் ஆகல. மிச்சிகன் குவின்னிபியாக்கிட்ட 5-2, பாஸ்டன் யுனிவர்சிட்டி டென்வர்கிட்ட ஓவர்டைம்ல 2-1, மிச்சிகன் ஸ்டேட் முதல் மேட்ச்லயே கார்னெல்கிட்ட 4-3. நேஷனல் டோர்னமெண்ட்ல பதினாறு டீம், நாலு மேட்ச், ஒண்ணு தோத்தா வீடு. ஒவ்வொரு மேட்ச்லயும் 65 சதவீத வாய்ப்பு உள்ள டீமுக்கே கப் வாய்ப்பு 18 சதவீதம்தான்.

ப்ளூலைன்_பிரியா | ஆகஸ்ட் 10

தாமு அண்ணா சொன்னதோட ஒண்ணே ஒண்ணு. காலேஜ் ஆட்டக்காரங்களுக்குப் பணம் குடுக்கறது பத்தின கோர்ட் செட்டில்மெண்ட்ட ஏத்துக்கிட்ட காலேஜுக்கு இந்த வருஷம் ரோஸ்டர் 26 பேருக்கு மேல கூடாது. டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் (வேற காலேஜுக்கு மாற பேர் குடுக்கற இடம்) சேர்த்தா நிறைய பேர் இடம் மாறியிருக்காங்க. டீம் பேர வச்சுக் கணக்குப் போடாம ஆள் ஆளா கூட்டு, போன வருஷம் வேற காலேஜ்ல எடுத்த பாயிண்ட்டும் அவரோடயே வரணும். ஃப்ரெஷ்மேன்லயும் வயசப் பாரு, 20, 21 வயசு வரைக்கும் ஜூனியர்ல ஆடிட்டு வர்றவங்க முதல் மாசமே ஈடு குடுத்து ஆடுவாங்க.

கலமசூ_கார்த்தி | ஆகஸ்ட் 17

அப்டேட். ஆள் ஆளா கூட்டற மாதிரி மாத்திட்டேன். சோம்பேறிக் கணிப்ப விட என் மாடல் கொஞ்சம் நல்லா வருது, அரை மேட்ச்சுக்கும் கொஞ்சம் கீழ, ஆனா ரெண்டு டெஸ்ட் சீசன்லயும் ஜெயிக்குது.

ஒவ்வொரு டீமுக்கும் ஒரு எண் குடுக்கறத நிறுத்திட்டேன். சீசன பத்தாயிரம் தடவ ஓட்டி, பத்துல எட்டு தடவ எந்த எண்ணுக்குள்ள வருதுன்னு எழுதறேன். மேஜர் ஜூனியர் ஆளுங்க அதிகமா வர்ற டீமுக்கு அந்த இடைவெளிய கையாலயே அகலப்படுத்தியிருக்கேன். பென் ஸ்டேட் முதல் அஞ்சுக்குள்ளயும் வரலாம், பதினாறுக்கு வெளியவும் போகலாம்னு வருது. மூணு வாரம் முன்னாடி இத பாத்திருந்தா மாடல் கெட்டுப் போச்சுன்னு அழிச்சிருப்பேன்.

வெஸ்டர்ன் மிச்சிகன் போன வருஷம் 34 வெற்றி, 7 தோல்வி, 1 டிரா. என் மாடல் அவங்க கீழ எறங்குவாங்கங்குது, முதல் கோடுல மேலயே இருந்தாங்க. கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா மாத்தல. எங்க டீமோட அலெக்ஸ் பம்ப் என்ஹெச்எல் டீம் ஃபிளையர்ஸுக்குப் போயிட்டாரு, அந்தக் கட்டம் காலியாத்தான் இருக்கு.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. செப்டம்பர் கடைசில ரோஸ்டர ஃப்ரீஸ் பண்ணிடறேன், அப்புறம் யெகோரோவ் மாதிரி ஜனவரில ஒருத்தர் வந்தா அக்டோபர் கணிப்ப திருத்தலாமா?

டுலூத்_தாமு | ஆகஸ்ட் 17

திருத்தாத. அக்டோபர் ஃபைல தேதி போட்டு அப்படியே வை. ஜனவரில புதுசா இன்னொரு ஃபைல் போடு. ஏப்ரல்ல ரெண்டையும் தனித்தனியா சரி பாக்கலாம், ஃபைல் அனுப்பு, நானும் உக்காந்து பாக்கறேன்.