திலேப்பியாவின் ஈரலில் கொழுப்பு: தீவனத்தில் எந்த வைட்டமின் சேர்க்கலாம்?

கேள்வி – காவேரிப்பாக்கம்
வணக்கம். எங்கள் பண்ணைக்குட்டையில் கிஃப்ட் என்னும் மேம்படுத்திய இனத் திலேப்பியா மீன் வளர்க்கிறோம். ஆரணி ஆலைத் தவிட்டுடன் கடலைப் புண்ணாக்கைக் கலந்து போடுகிறோம். இடையிடையே மிதவைத் தீவனமும் உண்டு. சென்ற பிடிப்பில் சில மீன்களை அறுத்துப் பார்த்தபோது, ஈரல் செம்பழுப்பாக இல்லாமல் வெளிறி, விரலில் எண்ணெய் ஒட்டும்படி இருந்தது. குடலைச் சுற்றியும் கொழுப்பு திரண்டிருந்தது. வைட்டமின் கலவை சேர்த்தால் இது கரைந்துவிடும் என்கிறார் கடைக்காரர். அது உண்மையா?

பதில் 1 – குடியாத்தம்
வணக்கம் ஐயா. வைட்டமின் எதுவானாலும் கொழுப்பைக் கரைக்கும் என்று கொள்ள முடியாது. எடுத்துக்காட்டாக, பயோட்டின் என்ற பி வகை வைட்டமின், உடலில் கொழுப்பு உருவாவதற்கே தேவைப்படும் நொதிக்குத் துணை நிற்பது. உங்கள் மீன்களின் நிலைக்கு முதலில் பார்க்க வேண்டியது கோலின் என்ற வைட்டமின் போன்ற சத்து. ஈரலில் சேரும் கொழுப்பு இரத்தத்தின் வழியே வெளியேற வேண்டுமானால், அதைச் சுமக்கும் துகளின் மேலுறைக்குக் கோலினிலிருந்து உருவாகும் பாஸ்பாடிடைல்கோலின் வேண்டும். கோலின் குறைந்தால் அத்துகள் போதிய அளவு உருவாகாமல், கொழுப்பு ஈரலிலேயே தங்கிவிடுகிறது. திலேப்பியாவுக்குக் கிலோ தீவனத்தில் சுமார் 1,000 மில்லிகிராம் தேவை. வைட்டமின் சி-க்கும் இதில் பங்கு உண்டு: கொழுப்பு அமிலத்தை எரியும் இடத்துக்குக் கொண்டுசெல்லும் கார்னிடைன் உடலில் உருவாக அது உதவுகிறது. பெரும்பாலான மீன்களைப் போலத் திலேப்பியாவும் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளாது.

பதில் 2 – வேலூர்
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் தவிட்டைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். எண்ணெய் எடுக்காத தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய் இருக்கிறது. அரைத்த உடனேயே அதிலுள்ள லைப்பேஸ் நொதி அந்த எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது; 40 பாகையைத் தாண்டும் நம் கோடையில், தகரக் கொட்டகையில் அடுக்கிய மூட்டை விரைவில் சிக்கு வாடை அடிக்கும். அத்தகைய எண்ணெயை உண்ணும் மீனின் உடலில் வைட்டமின் ஈ வேகமாகச் செலவாகி, ஈரல் செல்கள் பாதுகாப்பை இழக்கின்றன. தீவனத்தில் எண்ணெய் கூடக்கூட வைட்டமின் ஈ-யின் தேவையும் கூடும். ஆகவே எண்ணெய் எடுத்த தவிட்டுக்கு மாறி, தீனி அளவையும் குறைத்துப் பாருங்கள். உண்ணும் எரிசக்தி மிகையாக இருக்கும்வரை எந்தக் கலவையும் குடலைச் சுற்றிய கொழுப்பைக் குறைக்காது.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. தவிட்டு மூட்டையில் சிக்கு வாடை இருப்பது உண்மைதான், மாற்றிவிடுகிறேன். கோலினை வைட்டமின் தூளோடு முன்கூட்டியே கலந்து வைக்கலாமா?

பதில் 1 – குடியாத்தம்
வேண்டாம் ஐயா. கோலின் குளோரைடு ஈரத்தை இழுத்து மற்ற வைட்டமின்களைக் கெடுத்துவிடும். தனி டப்பாவில் வைத்திருந்து, தீவனம் தயாரிக்கும் அன்று மட்டும் கலந்துகொள்ளுங்கள். வைட்டமின் சி-யைச் சாதாரணத் தூளாக வாங்காமல், வெப்பத்தைத் தாங்கும் பாஸ்பேட் வடிவில் கேட்டு வாங்குங்கள்.