முன்கூட்டியே சொல்லாமல் எடுத்த அவசர விடுப்புக்குச் சம்பளத்தைப் பிடிக்கலாமா?

கேள்வி (கோவையிலிருந்து):
ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். சேர்ந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. சென்ற வாரம் நள்ளிரவில் என் தந்தைக்கு மாரடைப்பு ஏற்பட்டு, அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியதாயிற்று. விடிந்ததும் மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டு, அன்றும் மறுநாளும் மருத்துவமனையிலேயே இருந்தேன். ஆனால், மூன்று நாட்களுக்கு முன்பே விண்ணப்பிக்கவில்லை என்றும், முதல் ஆண்டில் எவருக்கும் விடுப்பு கிடையாது என்றும் சொல்லி அவ்விரு நாட்களின் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். இது முறைதானா?

மறுமொழி 1 (மனிதவளத் துறையில் பணியாற்றுபவர்):
முதலில், தந்தையார் விரைவில் நலம்பெற வேண்டுகிறேன். உங்கள் நிறுவனம் தொழிற்சாலையாக இல்லாவிட்டால், அதற்குப் பொருந்துவது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் 25ஆம் பிரிவின்படி, ஓராண்டு பணி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறைக்கு மட்டுமே. நோய்க்காக 12 நாட்களும், நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் தற்செயல் விடுப்பாக 12 நாட்களும், முதல் ஆண்டிலேயே சம்பளத்துடன் உண்டு. ஆகவே, முதல் ஆண்டில் விடுப்பே கிடையாது என்பது சட்டத்துக்கு முரணானது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் போன்ற சிலருக்கு இச்சட்டம் பொருந்தாது. நீங்கள் அந்நிலையில் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அதே வேளையில், விடுப்பு உண்டு என்பதால் ஒருவர் தகவலே சொல்லாமல் வராமல் இருந்துவிடலாம் என்று பொருளில்லை. நீங்கள் காலையிலேயே தெரிவித்திருப்பதுதான் உங்களுக்குப் பெரிய பலம். அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். மருத்துவமனைச் சேர்க்கைச் சீட்டின் நகலை இணைத்து, அவ்விரு நாட்களையும் தற்செயல் விடுப்பாக மாற்றக் கோரி மின்னஞ்சல் அனுப்புங்கள். மறுத்தால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் முறையிடலாம்.

மறுமொழி 2 (தொழிற்சங்கப் பொறுப்பாளர்):
தோழர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆலைகளுக்காக 1946ஆம் ஆண்டின் தொழில்துறை வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகள், அதாவது மாதிரிப் பணி விதிகள், முன்னறிய முடியாத சூழ்நிலைகளுக்காகவே தற்செயல் விடுப்பு என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தன. வழக்கமாக முன் அனுமதி வேண்டும். அது இயலாதபோது, வராததையும் எத்தனை நாள் ஆகக்கூடும் என்பதையும் இயன்ற விரைவில் எழுத்துமூலம் தெரிவித்தால் போதும் என்பதே அவற்றின் ஏற்பாடு. அவை உங்கள் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தியவை அல்ல. ஆனாலும் நல்ல விதி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே முன்மாதிரி இருந்தது. மாரடைப்புக்கு மூன்று நாள் முன்னறிவிப்புக் கேட்கும் விதியை எழுதியவர்கள், திட்டமிட்ட பயணத்தையும் திடீர் ஆபத்தையும் ஒரே படிவத்தில் அடைத்துவிட்டார்கள். ஊழியர்கள் கூட்டாகக் கேட்டு, இரண்டையும் பிரித்து எழுதச் செய்வதே நிலையான தீர்வு.

மறுமொழி 3 (லண்டனிலிருந்து):
பிரிட்டனில் 1996ஆம் ஆண்டின் பணியாளர் உரிமைச் சட்டம், 57ஏ பிரிவில், தம்மைச் சார்ந்திருப்பவர் திடீரென நோயுற்றால் உரிய ஏற்பாடு செய்வதற்கு நியாயமான அளவு நேரம் ஒதுக்கிக்கொள்ளும் உரிமையை முதல் நாளிலிருந்தே தருகிறது. காரணத்தையும், திரும்பிவர எவ்வளவு நாளாகும் என்பதையும் இயன்ற விரைவில் சொல்ல வேண்டும். இதற்காக ஒருவரைப் பணிநீக்கம் செய்ய முடியாது. ஆனால் அந்நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. அவ்வகையில் தமிழ்நாட்டுச் சட்டமே மேலானது.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. எனக்கே உடல்நலமில்லை என்று சான்றிதழ் கொடுத்து மருத்துவ விடுப்பாக மாற்றிக்கொள்ளும்படி மேலாளர் கூறுகிறார். அப்படிச் செய்யலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். நோய் விடுப்பு ஊழியரின் சொந்த நோய்க்கோ விபத்துக்கோ உரியது. பொய்யான சான்றிதழ் பின்னாளில் உங்கள்மீதே ஒழுங்கு நடவடிக்கைக்கு இடமளிக்கும். தந்தையின் மாரடைப்பைவிட நியாயமான காரணம் வேறு தேவையில்லை. உண்மையை எழுதித் தற்செயல் விடுப்பையே கேளுங்கள்.