பேஸ்பால்ல ஹிட்டிங் கோச்சை (பேட்டிங் பயிற்சியாளரை) மாத்தினா ரன் வருமா? எதை வைத்து எடை போடுவது?

கடைசி இன்னிங்ஸ்:
வணக்கம். சீசன்ல மூணுல ஒரு பங்கு முடிஞ்சாச்சு. நம்ம ஆட்கள் பந்தை அறையிற வேகத்தைப் பார்த்தா நம்பிக்கை வருது. மணிக்கு 95 மைலுக்கு மேல பறக்கிற பந்துகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா மூணாம் பேஸ்ல ஆள் நிக்கிறான், ஒரே ஒரு அவுட், ஒரு ஃப்ளை பால் (உயரத் தூக்கி அடிச்சா, கேட்ச் ஆனாலும் அவன் ஓடி ரன் எடுத்துடலாம்) போதும்ங்கிற நேரத்துல, வெளியே ஓடுற ஸ்லைடருக்கு (கடைசி நேரத்துல பக்கவாட்டுல திரும்புற பந்துக்கு) மட்டையை வீசி ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக் விழுந்து அவுட்). வயிறு எரியுது. ஹிட்டிங் கோச்சை உடனே தூக்கணும்னு பாதிப் பேர், பொறுத்துப் பார்க்கலாம்னு பாதிப் பேர்.

கோச்சோட வேலை எந்த எண்ணுல தெரியும்? எத்தனை பிளேட் அப்பியரன்ஸ் (பேட்டர் ஆட வர்ற முறை) கழிச்சுத் தீர்ப்பு சொல்லலாம்? இந்த ஸ்லைடர் நோய்க்குப் பயிற்சியில மருந்து உண்டா?

பாக்ஸ்ஸ்கோர்:
பேட்டிங் சராசரியை (ஹிட், அதாவது அடித்துப் பேஸைப் பிடித்த விகிதத்தை) வைத்து மட்டும் கோச்சை எடை போடாதீர்கள். 2024-இல் மொத்த எம்எல்பி (அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் லீக்) சராசரியே .243தான். களத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆவதில் ஃபீல்டர் நிற்கும் இடமும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கின்றன. ஒருவரின் உண்மையான சராசரியைச் சொல்ல ஒரு முழு சீசன்கூடப் போதாது. ஸ்ட்ரைக்அவுட் விகிதம் அப்படியல்ல, சுமார் 60 பிளேட் அப்பியரன்ஸில் ஓரளவு நிலைத்துவிடும். வாக் (நாலு தவறான பந்தை அடிக்காமல் விட்டு இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) விகிதத்துக்குச் சுமார் 120 வேண்டும். தினமும் ஆடுபவர் இந்நேரம் இரண்டையும் தாண்டியிருப்பார்.

நான் முதலில் பார்ப்பது சேஸ் ரேட்: ஸோனுக்கு (ஸ்ட்ரைக் என்று எண்ணப்படும் எல்லைக்கு) வெளியே வரும் பந்துகளில் எத்தனைக்கு மட்டை போகிறது என்பது. லீக் சராசரி நூற்றுக்கு 28 அளவில் இருக்கும். ஆனால் இதைத் தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். நட்டநடுவில் வரும் பந்தையும் விட்டுவிடுகிறவருக்கும் சேஸ் ரேட் குறைவாகத்தான் தெரியும். ஸோனுக்குள் வரும் பந்துகளுக்கு மட்டை போகும் விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது இறங்கி இரண்டாவது அப்படியே நின்றால், கோச் சொல்வது காதில் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்தே இறங்கினால், பேட்டர்கள் தயங்கி நிற்கிறார்கள் என்று பொருள்.

வேகத்தை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். 100 மைலில் தரையில் அறைந்த பந்து ஷார்ட்ஸ்டாப் ஃபீல்டர் கைக்குப் போனால் டபுள் ப்ளே (ஒரே அடியில் இரண்டு அவுட்). அதே பந்து 8 முதல் 32 டிகிரிக்குள் எழும்பினால்தான் பலன்.

கேஜ் கதவு:
ஸ்லைடர் விஷயத்துக்கு வருகிறேன். "பந்தை நல்லாப் பார்த்து ஆடு" என்பது மருந்தே அல்ல. 95 மைல் பந்து பிட்சர் (பந்து வீசுபவர்) கையிலிருந்து பேட்டர் முன் இருக்கும் பிளேட்டுக்கு வரச் சுமார் 0.4 வினாடி. ஸ்விங்குக்கே ஏறத்தாழ 0.15 வினாடி போய்விடும். பந்து பாதி தூரம் தாண்டும்போதே முடிவெடுத்தாக வேண்டும். நல்ல ஸ்லைடர் அதுவரை ஃபாஸ்ட்பால் மாதிரியேதான் வரும். திரும்புவதைப் பார்த்துவிட்டு மட்டையை நிறுத்தலாம் என்றால் நேரம் இல்லை.

அதனால் பந்து எங்கே முடிகிறது என்பதை விட்டுவிட்டு, எங்கே கிளம்புகிறது என்பதைப் பார்க்கப் பழக்க வேண்டும். வலது கை பிட்சர், வலது கை பேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதன் நடுவையோ உள்பக்கத்தையோ நோக்கிக் கிளம்பும் ஸ்லைடர் பெரும்பாலும் ஸோனுக்குள் முடியும், அதை அடிக்கலாம். வெளி விளிம்பை நோக்கிக் கிளம்பினால் ஸோனைத் தாண்டிப் போய்விடும். எனவே இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்வரை வெளி விளிம்பை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். சில சமயம் அங்கே நிஜமாகவே ஃபாஸ்ட்பால் வந்து ஒரு ஸ்ட்ரைக் போகும், போகட்டும். அதற்காகப் பேட்டரைக் கடிந்துகொள்ளாத கோச்சிடம்தான் இந்தப் பழக்கம் நிலைக்கும்.

கேஜில் (பயிற்சி வலைக்கூண்டில்) செய்ய வேண்டியது இது. பிட்சர் முன்னால் எட்டிப் பந்தை விடுவதால் அது கிளம்புவது 60 அடி 6 அங்குலத்திலிருந்து அல்ல, சுமார் 54, 55 அடியிலிருந்து. பந்து வீசும் மெஷினை 45 அடியில் வைத்து 78 மைல் கொடுத்தால், 95 மைல் பந்துக்கு ஆகும் அதே நேரத்தில் வந்து சேரும். ஆனால் வெறும் ஃபாஸ்ட்பாலாக விட்டால் நேரம்தான் பழகும், முடிவெடுப்பது பழகாது. ஃபாஸ்ட்பாலையும் ஸ்லைடரையும் கலந்து, எது வருகிறது என்று சொல்லாமல் 15 பந்து விடுங்கள். சரியாக விட்ட பந்துக்கும் அடித்த பந்துக்கும் ஒரே மதிப்பெண். ஒரு சுற்றை அதற்கு மேல் இழுத்தால் கால் தளர்ந்துவிடும். முன்தோள் சீக்கிரம் திறந்து, வெளிப்பந்தை மட்டை நுனியால் தொடுகிற தப்பு உடம்பில் ஏறிவிடும்.

சாதா மெஷினில் பெரிய குறை, அதற்குக் கை கிடையாது. பிட்சரின் கை அசைவை வைத்துத்தான் பேட்டர் முன்காலைத் தூக்குகிறார். டிராஜெக்ட் ஆர்க் மெஷின் பிட்சரின் வீடியோவைத் திரையில் காட்டி, அவர் கை விடும் இடத்திலிருந்தே அவருடைய சுழற்சியோடு பந்தை விடுகிறது. ஆட்டம் நடக்கும்போதே கேஜில் அதைப் பயன்படுத்த எம்எல்பி 2024-இல் அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகு, மாற்று ஆட்டக்காரர் எட்டாம் இன்னிங்ஸில் ரிலீவரை (நடுவில் மாறி வரும் பிட்சரை) பார்த்துத் திணறினால், முன்தயாரிப்பைப் பற்றிக் கேள்வி கேட்பது நியாயம்தான்.

சவுத்பா:
கேஜ் கதவு சொன்னது இரண்டு ஸ்ட்ரைக் வரைக்கும் சரி. கேள்வி கேட்டவர் சொன்ன தப்பு அதற்குப் பிறகும் நடக்கிறது. மட்டையை ஒரு அங்குலம் மேலே பிடிப்பதை ரசிகர்கள் எல்லா நேரமும் கேட்கிறார்கள், அது தப்பு. அப்படிப் பிடித்து மட்டை வேகம் 2 மைல் குறைந்தால் பந்தின் வேகம் சுமார் 2.4 மைல் குறையும், பறக்கும் தூரத்தில் ஏறத்தாழ 12 அடி போகும். பேஸ் காலியாக இருக்கும்போது அந்த 12 அடி ஹோம் ரனைக் கேட்ச் ஆக்கிவிடும். மூணாம் பேஸில் ஆள் இருந்து இரண்டுக்குக் குறைவான அவுட் என்றால் கணக்கே வேறு. 300 அடி போனாலே ரன் வரும், அங்கே கட்டாயம் சுருக்கிப் பிடிக்கணும். அதோடு, கிரவுண்டர் (தரையில் உருளும் அடி) வாங்க பிட்சர் தாழ்வாகத்தான் போடுவார். ஸ்ட்ரைக் மிச்சம் இருக்கும்வரை முழங்கால் உயரப் பந்தை விட்டு, இடுப்பு உயரத்துக்குக் காத்திருக்கணும். நம்ம ஆட்கள் எல்லாச் சூழலிலும் ஒரே ஸ்விங் ஆடுகிறார்கள். என் ஆதங்கம் அதுதான்.

ஆளை மாற்றுவது பற்றி: 2023 ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் அணி ஹிட்டிங் கோச் டில்லன் லாசனை நீக்கி ஷான் கேசியைக் கொண்டுவந்தது. சீசன் 82-80 என்று முடிந்தது. அப்போது அவர்களுடைய முக்கிய பேட்டர் ஆரோன் ஜட்ஜ் கால்விரல் காயத்தால் வெளியே இருந்தார். அந்த ஓட்டையை எந்தக் கோச் அடைப்பார்?

கடைசி இன்னிங்ஸ்:
நன்றி அண்ணே. அப்போ இது கோச் குறையா, ஆட்டக்காரர் குறையான்னு எப்படிப் பிரிக்கிறது?

பாக்ஸ்ஸ்கோர்:
ஒவ்வொருவருடைய சேஸ் ரேட்டையும் போன வருஷத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்பது பேரில் ஆறேழு பேருக்கு ஏறியிருந்தால் திட்டமே கோணல், கோச்சிடம் கேட்கலாம். இரண்டு பேருக்கு மட்டும் என்றால் அவர்களைத் தனியாகப் பாருங்கள். காயம் இருக்கலாம், அல்லது வெளியே தனிக் கோச்சிடம் ஸ்விங்கை மாற்றிக்கொண்டிருக்கலாம். பேட்டர் ஜே.டி. மார்ட்டினெஸ் அப்படி மாற்றிக்கொண்டு வந்தவர்தான். 2014 மார்ச்சில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி அவரை விடுவித்தது, அதே வருஷம் டெட்ராய்ட் அணியில் வெளுத்துக்கட்டினார். நம்ம அணியில் இதுவரை ஏறியிருப்பது மூன்று பேருக்குத்தான், அந்த மூவரும் நான்கு, ஐந்து, ஆறாம் இடத்தில் ஆடுகிறார்கள். மூணாம் பேஸில் ஆள் நிற்கும்போது அடிக்கடி அவர்கள் முறையே வருவதால்தான் மொத்த அணியும் சொதப்புவது போலத் தெரிகிறது.